பிடித்த பாடகரை வரைந்து கொண்டாடுவது எப்படி: ரசிகர் ஓவியத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஒரு பாடகரின் குரல் மனசுக்குள் உட்கார்ந்துவிட்டால், அந்தச் சந்தோஷத்தை நமக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்க முடியாது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. ஃபிரான்ஸ் லிஸ்ட் என்ற பியானோ மேதையின் கச்சேரிகளில் ரசிகர்கள் செய்த அமர்க்களத்தைப் பார்த்து, ஹைன்ரிக் ஹைனே என்ற ஜெர்மன் கவிஞர் 1844இல் அதற்கு ‘லிஸ்டோமேனியா’ என்று பெயரே வைத்தார். லிஸ்ட்டின் கையுறைக்கும், அவர் புகைத்துப் போட்ட சுருட்டுத் துண்டுக்கும் போட்டி நடந்த காலம் அது.

அதே ஆர்வத்தை ஒன்றைப் படைப்பதில் செலவழித்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஹட்சுனே மிகுவைப் பாருங்கள். 2007 ஆகஸ்ட் 31 அன்று கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா என்ற ஜப்பானிய நிறுவனம் பாடும் மென்பொருள் ஒன்றை வெளியிட்டது. அதன் அட்டையில் கேய் என்ற ஓவியர் வரைந்த, நீலப்பச்சை முடியை இரண்டு பக்கமும் உயரத் தூக்கிக் கட்டிய ஒரு பெண், அவள்தான் மிகு. தொடக்கத்தில் இருந்தது அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான பாட்டுகள், படங்கள், வீடியோக்கள், அவள் கையில் பிடித்திருக்கும் வெங்காயத்தாள் வரை எல்லாம் ரசிகர்கள் கொடுத்தவை. இன்று அவள் மேடையில் ஒளியுருவமாகத் தோன்றிப் பாட, அரங்கம் நிறைகிறது.

இந்தக் கட்டுரை, பள்ளிக்கூடத்துக்குப் பிறகு பென்சிலைத் தொடாதவர்களுக்கும், வரையத் தெரிந்தும் யாரிடமும் காட்டத் தயங்குகிறவர்களுக்கும். ஒரு விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரசிகர் ஓவியத்தில் முகச்சாயல் இரண்டாவதுதான். அந்தப் பாடகரிடம் நீங்கள் மட்டும் கவனித்த ஏதோ ஒன்று தாளில் இறங்கியிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. புகைப்படத்தை அப்படியே நகலெடுத்த படத்தைப் பார்த்து ‘அருமை’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் கவனித்தது இருக்கிற படத்தின் முன்னால் நின்று, ‘ஆமா, அவங்க இப்படித்தான்’ என்பார்கள்.

முதலில் கேளுங்கள், அப்புறம் பாருங்கள்

பென்சிலை எடுக்க வேண்டாம். அவருடைய பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அவர் அதை மேடையில் பாடும் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதை எழுதுங்கள். ‘அழகு’, ‘ஸ்டைல்’ என்று எழுதினால் வரையும்போது உதவாது. உச்ச சுரத்துக்குப் போகும்போது கண்ணை மூடுகிறாரா, புருவத்தைத் தூக்குகிறாரா? மைக்கை எந்தக் கையில் பிடிக்கிறார், விரல்களில் எது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது? மூச்சு எடுக்கும் முன் தோள் உயர்கிறதா? கூட்டம் கூடச் சேர்ந்து பாடும்போது முகம் எப்படி மாறுகிறது? இப்படி ஒரு பக்கம் நிரம்பினால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

முகமே இல்லாமல் ஒரு பாடகரை அடையாளம் காட்ட முடியும் என்பதை இந்தப் பட்டியல் சொல்லித் தரும். முகத்தின் குறுக்கே சிவப்பும் நீலமுமாக ஒரு மின்னல் கீற்று போட்டால் டேவிட் போவி. ஒற்றை வெள்ளைக் கையுறையும் தொப்பியும் மைக்கேல் ஜாக்சன். அடித்தட்டு இல்லாத பாதி மைக் கம்பியும் உயர்த்திய முஷ்டியும் ஃப்ரெடி மெர்க்குரி. சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோவில் ஏரிக்கரையில் 1996 முதல் நிற்கும் அவருடைய சிலையும் அந்த முஷ்டியைத்தான் வானத்துக்குத் தூக்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் வரையப்போகிற பாடகருக்கும் இப்படி ஒன்று இருக்கும். இன்னும் யாரும் அதை வரையாமல்கூட இருக்கலாம்.

ரெஃபரன்ஸ் படம் (பார்த்து வரைவதற்கான படம்) தேடுவது

பெரும்பாலான புதியவர்கள் தேடலில் முதலில் வரும் புகைப்படத்தை எடுத்து அப்படியே வரைந்துவிடுகிறார்கள். வீட்டில் கைப்பழக்கத்துக்காக வரைந்தால் பரவாயில்லை. வெளியே காட்டுவதென்றால், அதைவிட விற்பதென்றால், அந்தப் புகைப்படத்துக்குப் பின்னால் இன்னொரு கலைஞர் இருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

இதற்கு ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது, அதுவும் ஒரு பாப் பாடகரின் படத்தை வைத்து. 1981இல் லின் கோல்ட்ஸ்மித் என்ற புகைப்படக் கலைஞர் பாடகர் பிரின்ஸைப் படமெடுத்தார். 1984இல் வேனிட்டி ஃபேர் பத்திரிகை 400 டாலர் கொடுத்து, ஒரே ஒரு முறை ஓவியத்துக்கு ஆதாரமாகப் பயன்படுத்த அதை வாங்கியது. ஓவியர் ஆண்டி வார்ஹால். பத்திரிகைக்கு வேண்டியது ஒரு படம். வார்ஹாலோ அதே புகைப்படத்தை வைத்து மொத்தம் 16 படங்கள் செய்தார். 2016இல் பிரின்ஸ் இறந்ததும், அவற்றில் ஆரஞ்சு நிறப் படம் ஒன்று ஒரு சிறப்பிதழின் அட்டையில் வந்தது. வார்ஹால் அறக்கட்டளைக்கு 10,000 டாலர் கிடைத்தது, கோல்ட்ஸ்மித்துக்கு ஒன்றும் இல்லை. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 மே மாதம் 7க்கு 2 என்ற கணக்கில் கோல்ட்ஸ்மித்துக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. வார்ஹாலுக்கே இந்த நிலைமை என்றால் நாம் கொஞ்சம் கவனமாக இருப்பது நல்லது. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனால் புகைப்படம் எடுத்தவரின் உழைப்பை மதிப்பது எல்லா இடத்துக்கும் பொது.

நடைமுறையில் நான் சொல்லும் வழி இதுதான். ஒரே படத்தை நம்பாமல் ஐந்தாறு படங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். முகத்தின் அமைப்புக்கு ஒன்று, முடிக்கு ஒன்று, கைக்கு ஒன்று, உடைக்கு ஒன்று. நிற்கும் நிலையை நீங்களே யோசியுங்கள், தேவைப்பட்டால் கண்ணாடி முன்னால் நீங்களே மைக் பிடிப்பது போல நின்று கையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பிறக்கும் ஓவியம் உங்களுடையதாக இருக்கும். கச்சேரியில் நீங்களே எடுத்த படம் இருந்தால் இன்னும் நல்லது, மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு குறிப்பிட்ட புகைப்படம்தான் வேண்டும் என்று மனசு அடம் பிடித்தால், எடுத்தவரிடம் கேளுங்கள். ரசிகராக இருந்து படமெடுக்கிறவர்கள் பலர், பெயர் போட்டால் போதும் என்று சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள்.

படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முகத்துக்கு மிக அருகில் வைத்து எடுத்த செல்ஃபியில் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் தெரியும். அதை வைத்து அளந்தால் சாயல் தப்பும். இன்னொன்று, மேடை விளக்கு. ஊதா, நீல வெளிச்சத்தில் எடுத்த படத்திலிருந்து தோலின் நிறத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் மேடைப் படத்தை உணர்வுக்கு வைத்துக்கொண்டு, நிறத்துக்குப் பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் போடாமல் எடுத்த படம் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்.

தோல் நிறத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கருமையான நிறமுள்ள பாடகரை இரண்டு மூன்று படி வெளுப்பாக வரைந்துவிட்டு ‘ஸ்டைலுக்காக’ என்று சொல்வது வழக்கமாகவே ஆகிவிட்டது. அது அவரைக் கொண்டாடுவது ஆகாது. அகன்ற மூக்கை ஒடுக்குவது, தடித்த உதட்டை மெலிதாக்குவது, உடம்பை இளைக்க வைப்பது எல்லாமே அப்படித்தான். அவரை எப்படி இருக்கிறாரோ அப்படியே பிடித்துத்தானே வரைய உட்கார்ந்தோம்!

தேவையான பொருள்கள்

அதிகம் வேண்டாம். எச்பி, 2பி, 4பி பென்சில்கள், கொஞ்சம் தடிமனான தாள், பிசைந்து உருமாற்றக்கூடிய ரப்பர் ஒன்று. இந்த ரப்பரைக் கூராக்கி, கண்ணில் மின்னும் புள்ளியையும் முடியில் ஒளி விழும் கோட்டையும் அழித்தே வரையலாம். கணினியில் வரைவதென்றால் கிரிட்டா இலவசம், நல்ல மென்பொருள். போனில் வரைய ஐபிஸ் பெயின்ட் போதும். விலை உயர்ந்த டேப்லெட் வாங்கினால்தான் வரைய முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கணினியில் வரைகிறவர்களுக்கு ஒன்று: என்றாவது அச்சடிக்கும் எண்ணம் இருந்தால் ஆரம்பத்திலேயே ஏ4 அளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 2480க்கு 3508 பிக்சல் என்று வைத்துவிடுங்கள். சிறிதாக வரைந்ததைப் பின்னால் பெரிதாக்கினால் மங்கிப்போகும். திரையில் பளிச்சென்று தெரியும் நியான் பச்சையும் அடர் ஊதாவும் அச்சில் மந்தமாகத்தான் வரும். அச்சடிக்க நினைக்கும் படத்தில் அந்த நிறங்களை நம்பி இருக்க வேண்டாம்.

பாடும் முகத்தை வரைவது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம், ஏனென்றால் பலரும் பாதியில் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

தலைக்கு ஒரு முட்டை வடிவம் போடுங்கள். உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் ஒரு கோடு. கண்கள் அந்தக் கோட்டில்தான் இருக்கும். புதிதாக வரைகிறவர்கள் நெற்றியையும் முடியையும் மறந்து கண்ணை மேலே ஏற்றிவிடுவார்கள், அதனால்தான் முகம் விநோதமாகத் தெரியும். இரண்டு கண்களுக்கும் நடுவில் ஏறத்தாழ இன்னொரு கண் அளவுக்கு இடைவெளி. புருவத்துக்கும் மூக்கு நுனிக்கும் நடுவே காதின் உயரம். இவை எல்லாம் நேராகப் பார்க்கும், வாய் மூடிய முகத்துக்கான பொதுக்கணக்கு. உங்கள் பாடகரின் முகம் இதிலிருந்து எங்கே விலகுகிறது என்று பாருங்கள். அந்த விலகல்தான் சாயல். கண்கள் கொஞ்சம் அகன்றிருக்கலாம், நெற்றி சிறிதாக இருக்கலாம், தாடை சதுரமாக இருக்கலாம்.

ஆனால் பாடகர் வாயை மூடிக்கொண்டு நிற்பதில்லை. வாய் திறந்து பாடும்போது தாடை கீழே இறங்கும், முகமே நீளும். கண் இருக்கும் கோடு சரிபாதியிலிருந்து மேலே நகர்ந்தது போலத் தெரியும். மூக்கின் இரண்டு பக்கமும் உதட்டை நோக்கி இறங்கும் மடிப்பு ஆழமாகும், கன்னம் ஒட்டும், கழுத்து நரம்பு புடைக்கும். பொதுக்கணக்கை அப்படியே வைத்து வரைந்தால் பாடுகிறவர் கொட்டாவி விடுவது போல ஆகிவிடும். அதனால் பாடும் முகத்துக்கு ரெஃபரன்ஸ் படத்தில் நேரடியாக அளந்துவிடுங்கள். கண்ணின் அகலத்தை ஒரு அளவாக வைத்து, மூக்கு நுனியிலிருந்து மோவாய் வரை எத்தனை கண் என்று எண்ணினால் போதும்.

பற்களை ஒவ்வொன்றாகக் கோடு போட்டுப் பிரிக்காதீர்கள். மேல் வரிசையை ஒரே வெளிர் வடிவமாக விட்டு, ஈறுப் பக்கமும் வாயின் ஓரங்களிலும் மட்டும் மெல்லிய நிழல் கொடுங்கள். வாயின் உட்பகுதி முழுக் கருப்பு இல்லை, நாக்கின் மேல் கொஞ்சம் வெளிச்சம் விழும்.

மைக் பிடித்த கை பயமுறுத்தும். விரல்களில் தொடங்க வேண்டாம். முதலில் மைக்கை ஒரு உருளையாக வரையுங்கள், அதைச் சுற்றி உள்ளங்கையை ஒரு பெட்டியாகப் போடுங்கள், நான்கு விரல்களையும் சேர்த்து ஒரே பட்டையாக வளையுங்கள், அதற்குப் பிறகு பிரியுங்கள். மைக்கின் நிழல் மோவாயிலும் கழுத்திலும் விழுவதை மறந்துவிடாதீர்கள். அந்த நிழல் இல்லையென்றால் மைக் காற்றில் மிதக்கும்.

சாயல் பிடிபடவில்லை என்றால் மூன்று வழிகள் உண்டு. ரெஃபரன்ஸ் படத்தின் மேலும் உங்கள் தாளின் மேலும் ஒரே எண்ணிக்கையில் கட்டங்கள் போட்டு, கட்டம் கட்டமாக வரைவது பழைய முறை, இன்றைக்கும் பலிக்கும். படத்தையும் தாளையும் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், முகம் என்று மூளை நினைக்காதபோது தவறு தானாகக் கண்ணில் படும். கணினியில் என்றால் இடவலமாகப் புரட்டிப் பாருங்கள், சாய்ந்துபோன கண் உடனே தெரிந்துவிடும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பதும் உதவும். நுணுக்கம் மறைந்து பெரிய வெளிச்சமும் பெரிய நிழலும் மட்டும் நிற்கும், அந்த இரண்டும் சரியாக இருந்தால் தூரத்திலிருந்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

வண்ணம் தீட்டும்போது மேடையின் உணர்வு வேண்டுமென்றால் இரண்டு விளக்குகளைக் கற்பனை செய்யுங்கள். முகத்தின் ஒரு பக்கம் ஆரஞ்சு மாதிரி சூடான வெளிச்சம், மறுபக்கத்தின் விளிம்பில் மட்டும் நீலம். பின்னணியை இருட்டாக விட்டுவிடுங்கள். இவ்வளவிலேயே கச்சேரி வந்துவிடும்.

முகம் வரைய வராவிட்டால்

முகமே வேண்டாம். அவருடைய மேடை உடையை மட்டும், அணிந்தவர் இல்லாமல், வரையலாம். ஒரு பாட்டு சொல்லும் கதையை நான்கு கட்டச் சித்திரக்கதை ஆக்கலாம். பெயரை அழகான எழுத்தாக எழுதலாம், துணியில் பூத்தையல் போடலாம். பாட்டு வரி எழுதும்போது முழுப் பாட்டையும் போடாமல் ஓரிரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வரிகளுக்கும் உரிமையாளர் உண்டு.

மணிகளில் எழுத்துக் கோத்துக் கைவளை செய்வது எளிது, கை உடனே பழகிவிடும். டெய்லர் ஸ்விஃப்ட்டின் பாட்டு ஒன்றில் நட்பு வளையல்களைப் பற்றி வந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, 2023இல் தொடங்கிய அவருடைய ஈராஸ் சுற்றுப்பயணத்தில் ரசிகர்கள் கை நிறைய வளையல் கட்டிக்கொண்டு போய் முன்பின் தெரியாதவர்களோடு மாற்றிக்கொண்டார்கள். நிறுவனம் எதுவும் திட்டமிட்டுச் செய்ததில்லை அது. மணிக்கட்டின் சுற்றளவைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பெரிதாகக் கோத்து, முடிச்சுப் போடவும் எலாஸ்டிக் கயிறு விட்டு, முடிச்சைப் பெரிய மணிக்குள் இழுத்து மறைத்துவிட்டால் உறுத்தாது.

வெளியே காட்டுவது

பென்சில் படத்தை ஜன்னல் ஓரப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், தாளுக்கு நேர் மேலே போனைப் பிடித்து எடுங்கள். சாய்த்து எடுத்தால் நீங்கள் கஷ்டப்பட்டுப் பிடித்த சாயல் நசுங்கிவிடும். அடர்ந்த பென்சில் பூச்சு பளபளக்கும், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும். கையெழுத்தை ஓரத்தில் போட்டால் யாராவது வெட்டி எடுத்துவிடலாம், அதனால் உடையின் மடிப்பிலோ முடியின் ஓரத்திலோ போடுங்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி விளக்கமும் எழுதுங்கள். பார்வைக் குறைபாடுள்ள ரசிகர்களும் திரைவாசிப்பான் வழியாக உங்கள் படத்தைத் தெரிந்துகொள்வார்கள். ஒரு பாடகரின் கூட்டத்தில் அவர்களும் இருப்பார்கள்தானே.

எந்தப் படங்களைப் பார்த்து வரைந்தீர்கள், யார் எடுத்தது என்று குறிப்பிடுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவி எதையாவது பயன்படுத்தியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு கோட்டையும் கையால் போட்டவர்களின் நடுவில் வந்து நிற்கும்போது, குறைந்தபட்சம் அந்த நேர்மையை அவர்கள் எதிர்பார்ப்பார்கள்.

விருப்பக்குறிகளை எண்ணிக்கொண்டிருந்தால் உற்சாகம் சீக்கிரம் வற்றிவிடும். அதற்குப் பதிலாக, படம் போடும் அன்றைக்கே வேறு மூன்று பேருடைய படத்துக்குக் கீழே கருத்து எழுதுங்கள். ‘சூப்பர்’ என்று மட்டும் எழுதாமல், ‘கண்ணை மூடியிருக்கிற விதத்தைப் பார்த்ததும் அந்த இரண்டாவது சரணம் ஞாபகம் வந்தது’ என்று குறிப்பாகச் சொல்லிப் பாருங்கள். நட்பு அங்கிருந்துதான் தொடங்கும். அடுத்தவர் படத்தை எடுத்து உங்கள் பக்கத்தில் போடுவது, பெயர் போட்டாலும், கேட்காமல் செய்யக் கூடாது.

சில எல்லைகள் எல்லா ரசிகர் கூட்டத்துக்கும் பொருந்தும். பாடகர் தன் வாழ்க்கையில் மறைத்து வைத்திருப்பதை, குடும்பத்தை, குழந்தைகளை வரைய வேண்டாம். அவரை ஆபாசமாகக் காட்டும் படங்கள் வேண்டவே வேண்டாம். வெளியீட்டுக்கு முன் கசிந்த பாட்டையோ ஒளிப்படத்தையோ வைத்துப் படம் வரைந்தால், அதை மறைத்து வைக்கப் பாடுபட்ட அத்தனை பேருக்கும் துரோகம். இன்னொரு பாடகரை மட்டம் தட்டித்தான் நம் பாடகரை உயர்த்த முடியும் என்பது போன்ற சண்டைகளில் உங்கள் படத்தை ஆயுதமாக யாராவது தூக்கினால், எடுக்கச் சொல்லுங்கள்.

சேர்ந்து செய்வது

தனியாக வரைந்து பழகிய பிறகு கூட்டாக ஒன்று செய்யுங்கள். பிறந்தநாளோ, முதல் ஆல்பம் வந்த நாளோ ஒரு சாக்கு போதும். பலருக்கும் பிடித்தது கட்டப் படம்: ஒரே உருவத்தை 6க்கு 4 என்று 24 சதுரமாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு சதுரத்தை அவரவர் பாணியில் வரைந்து ஒட்டுவது. ஒருவர் நீர்வண்ணம், ஒருவர் பிக்சல் ஓவியம், ஒருவர் பூத்தையல் என்று கலந்து வரும்போது கிடைக்கும் அழகே தனி.

இதை நடத்துகிறவர் கவனிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. ஒவ்வொருவருக்கும் அவர்களுடைய சதுரத்தோடு சுற்றியுள்ள சதுரங்களின் ஓரத்தையும் கொஞ்சம் அனுப்புங்கள், அப்போதுதான் கோடுகள் சேரும். எல்லாச் சதுரமும் ஒரே பிக்சல் அளவில் வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கண் வரும் சதுரங்களைக் கை பழகியவர்களிடம் கொடுத்து, முடி, உடை, பின்னணி வரும் சதுரங்களைப் புதியவர்களுக்குக் கொடுங்கள். சாயலும் தப்பாது, புதியவரும் பயமில்லாமல் சேர்ந்துகொள்வார். வேண்டிய நாளுக்கு இரண்டு வாரம் முன்னால் கடைசித் தேதி வையுங்கள். எப்படியும் இரண்டு மூன்று பேர் நடுவில் விலகுவார்கள், வாழ்க்கையில் வேறு வேலை வரும், அவர்களைக் கோபிக்காமல் மாற்று ஆட்களை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னஞ்சிறு இதழ் போடலாம். ஒரே ஏ4 தாளில் 8 பக்கம் கிடைக்கும். தாளை நீளவாக்கில் ஒரு முறையும் குறுக்கே இரண்டு முறையும் மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டங்கள் தெரியும். குறுக்கே பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்டத்தின் நீளத்துக்கு மட்டும் வெட்டுங்கள். பிரித்து, நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் உள்நோக்கித் தள்ளினால் நடு வெட்டு விரியும், அதைச் சுற்றி மடித்தால் புத்தகம். ஸ்டேப்ளர் பின் அடிக்கவே தேவையில்லை. இதைவிடப் பெரிய இதழுக்குப் பின் அடிப்பதென்றால் பக்க எண்ணிக்கை 4ஆல் வகுபட வேண்டும்.

பணம் உள்ளே வந்தால் விஷயம் மாறிவிடும். பாடகரின் பெயர், முகம், சின்னம் இவற்றை வைத்து விற்கும் உரிமை பெரும்பாலும் அவரிடமும் அவருடைய நிறுவனத்திடமும் இருக்கும். சிலர் ரசிகர்கள் சிறிய அளவில் செய்வதைக் கண்டுகொள்ள மாட்டார்கள், சிலர் நோட்டீஸ் அனுப்புவார்கள், சிலர் விதிகளையே எழுதி வைத்திருப்பார்கள். ஹட்சுனே மிகு விஷயத்தில் லாப நோக்கமில்லாத ரசிகர் படைப்புகளுக்கு எது அனுமதி என்று கிரிப்டன் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. விற்கும் முன் தேடிப் படியுங்கள். அச்சுக்கூலிக்கு எல்லோரும் பங்கு போட்டால், முடிந்ததும் கணக்கை எல்லோருக்கும் காட்டிவிடுங்கள்.

ஆர்வம் நல்ல காரியத்துக்குத் திரும்பினால் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு பிடிஎஸ் என்ற தென்கொரியப் பாப் குழுவின் ரசிகர்களைச் சொல்லலாம். 2020 ஜூனில் அந்தக் குழுவும் அவர்களுடைய நிறுவனமும் கறுப்பின மக்களின் உரிமை இயக்கத்துக்கு 10 லட்சம் டாலர் கொடுத்த செய்தி வந்ததும், ஆர்மி என்று அழைக்கப்படும் ரசிகர்கள் ஓரிரு நாளுக்குள் தாங்களும் அதே தொகையைத் திரட்டிவிட்டார்கள். உங்கள் கூட்டு ஓவியத்தையும் இப்படி ஒரு நன்கொடையோடு இணைக்கலாம். பணத்தை உங்கள் கைக்கு வாங்காமல், கொடுப்பவர்கள் நேரடியாக அமைப்புக்கே அனுப்பும்படி செய்துவிடுவது எல்லோருக்கும் நிம்மதி.

சுவரில் பெரிதாக வரைய ஆசைப்படுகிறவர்களும் இருப்பார்கள். லண்டனின் பிரிக்ஸ்டனில் ஜேம்ஸ் காக்ரன் என்ற ஓவியர் 2013இல் வரைந்த போவியின் முகத்தின் முன்னால்தான், 2016 ஜனவரி 10இல் அவர் இறந்தபோது பூக்களும் கடிதங்களும் குவிந்தன. சுவரின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியே தொடங்குங்கள். அழிக்கப்படாமல் நிற்க அது ஒன்றுதான் வழி.

பாடகரிடம் கொண்டுசேர்ப்பது

ரசிகர் கடிதங்களுக்கென்று பாடகரின் நிறுவனம் வெளியிட்டிருக்கும் முகவரி இருந்தால் அங்கே மட்டும் அனுப்புங்கள். வீட்டு முகவரி தெரிய வந்தாலும் அங்கே போகவோ அனுப்பவோ கூடாது. மூலப்படத்தை வைத்துக்கொண்டு நல்ல நகலை அனுப்புங்கள், பின்பக்கம் உங்கள் பெயரும், எந்தப் பாட்டுக்காக வரைந்தது என்பதும் இரண்டு வரியில் இருக்கட்டும். பதில் வராமல் போகலாம். வந்து குவியும் கடிதங்களில் உங்களுடையதை அவர் பார்த்தாரா என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாமலும் போகலாம். படத்தில் ஒரே பெயரைப் பத்து முறை டேக் செய்வதால் அது மாறாது.

மேடையை நோக்கி எதையும் எறியாதீர்கள், சுருட்டிய ஓவியத்தைக்கூட. 2023 ஜூனில் நியூயார்க் கச்சேரியில் ரசிகர் ஒருவர் எறிந்த போன் பாடகி பீபி ரெக்ஸாவின் முகத்தில் பட்டு, புருவத்தில் தையல் போட வேண்டிவந்தது.

கச்சேரியில் படத்தைக் காட்டுவதென்றால் அரங்கத்தின் விதிகளை முதலில் பாருங்கள். பதாகை அளவு, கம்புக்கு அனுமதி உண்டா என்பது இடத்துக்கு இடம் மாறும். தலைக்கு மேலே தூக்காமல் மார்பளவில் பிடித்தால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்காது. எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டுமென்றால் வண்ணக் கண்ணாடித்தாள் திட்டம் எளிமையானது: ஒரு குறிப்பிட்ட பாட்டு தொடங்கும்போது போன் விளக்கின் மேல் வண்ணத்தாளை வைத்துத் தூக்குவது. எந்தப் பகுதிக்கு எந்த நிறம் என்று இருக்கை வரைபடத்தைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள், அரங்கத்தாரிடம் முன்பே தகவல் சொல்லுங்கள், தாளோடு ‘இந்தப் பாட்டு, முதல் சரணத்திலிருந்து’ என்று எழுதிய துண்டுச்சீட்டையும் கொடுங்கள். ஓரளவு கூடுதலாகவே வெட்டிக்கொண்டு போங்கள், விஷயம் தெரியாமல் வந்தவர்கள் பக்கத்து இருக்கையிலிருந்து கேட்பார்கள். பாட்டு முடிந்ததும் தாள்களைத் திரும்ப வாங்க வரிசைக்கு ஒருவரை முன்கூட்டியே நியமித்துவிட்டால், அரங்கத்தைக் கூட்டுகிறவர்களுக்குக் கூடுதல் வேலை வைக்க மாட்டீர்கள், அடுத்த முறை அனுமதி கேட்டாலும் எளிதாகக் கிடைக்கும்.